பேச்சிப்பாறைக்குக் கொஞ்சம் மேலே

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
தூணுக்கு எதிர்க்கடையில்
அஜின் தம்பி கணினியை என் பக்கம் திருப்பி வைத்தான்.
"கோலாலம்பூர் ரெண்டு ராத்திரி, அது எல்லாருக்கும் உள்ளது.
பாக்கி ரெண்டு ராத்திரி உங்க இஷ்டம்.
பினாங்கா, கூச்சிங்கா,
நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள சொல்லணும்க்கா."

சீட்டு விழுந்த பணம்
ரப்பர் வளையம் போட்டுக் கைப்பையில் கிடந்தது.
பாஸ்போர்ட்டில் என் பெயர் புஷ்பபாய்.
கல்யாணம் கழிந்த நாள்முதல்
யாரும் முழுசாகக் கூப்பிடாத பெயர்.
ஷிபினுக்க அம்மை. பென்னட்டுக்க வீட்டுக்காரி.
ஆஸ்பத்திரியில் லேப் அக்கா.
குலசேகரத்தில் பாதிப்பேரின் சர்க்கரை அளவு
எனக்கு மனப்பாடம்.

பினாங்கின் படத்தில் கோபுரம் இருந்தது,
வாழையிலை இருந்தது,
கடைப்பலகையில் தமிழ் இருந்தது.
பென்னட்டுக்கு அது போதும்.

கூச்சிங்கின் படத்தில் அகலமான ஒரு ஆறு.
சாலை நடுவே
சிமெண்டில் செய்த பூனைகள்.
கூச்சிங், கூச்சிங் என்று
சொல்லிப் பார்த்தேன்.
நாக்கில் கூச்சம் மாதிரி பட்டது.
"மலாய்ல பூனைன்னு அர்த்தம்க்கா."

பூனையிடம் யாரும் கேட்பதில்லை,
நீ யாருக்க மோளு என்று.

ஆற்றூர் தாண்டியதும்
பக்கத்து சீட்டில் ஏத்தங்குலையோடு ஏறிய அம்மா கேட்டார்.
"பிள்ளைக்கு வீடு எங்க?
யாருக்க மோளு? எந்த சபை?"
நாற்பத்தொன்பது வருடம் வரிசை மாறாமல் ஒப்பித்த பதில்
தொண்டைவரை வந்து
இறங்கிப் போய்விட்டது.
"எனக்கு கூச்சிங்" என்றேன்.
அவர் யோசித்தார்.
"அது பேச்சிப்பாறைக்கு மேலயா?"
"கொஞ்சம் மேல."
"அங்க மழ உண்டா?"
"உண்டு. தெனமும்."
"பின்ன எப்பிடி ரப்பர் வெட்டுவிய!"
என்று என் ஊருக்காக உள்ளபடியே வருத்தப்பட்டு
பழுத்ததாய்ப் பார்த்து ஒன்று பிய்த்துத் தந்தார்.
பொய்யின் தோலை உரித்து
திருவட்டாறு வரை மெதுவாகத் தின்றேன்.
நல்ல இனிப்பு.

வீட்டில் கரண்ட் இல்லை.
பென்னட் டார்ச்சை மேசைமேல் நிறுத்திவைத்துச் சொன்னார்,
"பினாங்குன்னா, சீனி வேண்டாம்ணு தமிழில சொல்லலாம்.
மற்றதுல நான் என்னத்தச் சொல்ல?
கையைக் காட்டினா
இன்னும் ரெண்டு ஸ்பூன் போட்டுத் தருவான்."

நான் சிரிக்கவில்லை.
இருநூற்று முப்பத்தாறு.
ரிப்போர்ட்டில் அதை எழுதி
அடிக்கோடு போட்டதும் நான்தான்.
ஷீட்டு வியாபாரியை
கிலோவுக்கு ஐம்பது காசுக்காக
நடுரோட்டில் நிறுத்தி வைக்கிற மனுஷன்,
பார்க்காத ஊரில்
ஒரு தம்ளர் சாயாவுக்கு முன்னால்
பயந்து நிற்கிறார்.

எனக்கும் இருந்தது ஒன்று, அவரிடம் சொல்லாதது.
அந்த ஆற்றங்கரையில் கால் வழுக்கினால்
எந்தா பிள்ளே என்று ஓடிவர
ஒரு வாய் இருக்காது.
வேண்டும் என்று கேட்டதும் அதைத்தான்.
படுத்து வெகுநேரம்
இரண்டையும் மாற்றி மாற்றி
எடை பார்த்துக்கொண்டிருந்தேன்.

போர்வைக்குள் போனைத் தேய்த்ததில்
ஒரு சொல் கிடைத்தது.
தே ஓ கோசோங்:
கட்டன், சீனி போடாமல்.
கோசோங் என்றால் காலி. பூஜ்யம்.
எழுப்பிச் சொன்னேன்.
"போசோங்கா?"
"கோசோங்."
"நாளைக்கு மறந்துருவேன்" என்று
சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

காலையில் நல்ல மழை, வெட்டு இல்லை.
ஆனாலும் குடை பிடித்துத் தோட்டத்துக்குள் போனார்.
அடுக்களை ஜன்னலில் எனக்குக் கேட்டது,
பிளாஸ்டிக் பாவாடை கட்டிய மரம் ஒவ்வொன்றாய்
சிரட்டையைக் கவிழ்த்து
தண்ணீரைக் கொட்டிக்கொட்டி
அவர் சொல்லிக்கொண்டு போவது:
கோசோங்.
கோசோங்.
பதினெட்டாவது மரத்தில் ஒருதரம் பிழைத்து
நின்று, திருத்தி,
கோசோங்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் அஜின் அழைத்தான்.
"அக்கா, எங்க போடட்டும்?"
"பேச்சிப்பாறைக்குக் கொஞ்சம் மேல."
"ஹலோ?" என்றான்.
"லைன் சரியில்ல அக்கா,
மழையா அங்க?"